துறைகளைத் தேடி: சாவகச்சேரியிலிருந்து மூன்று நாள்

யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்களில் பலர் கோட்டையைச் சுற்றிப் பார்ப்பார்கள், நூலகத்துக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள், நல்லூரில் கும்பிடுவார்கள், அடுத்த ரயிலில் திரும்பிவிடுவார்கள். பழைய துறைமுகப் பட்டினம் ஒன்றுக்கு வந்தும், இங்கே கப்பல் எங்கே நின்றது என்ற கேள்வி அவர்களுக்கு எழுவதில்லை. கோட்டை மதிலில் ஏறிப் பார்த்தால் அந்தக் கேள்வி தானாக எழ வேண்டும். எதிரே கிடக்கும் கடல்நீரேரியில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான் நிற்கும். பாய்க்கப்பல் வந்து நிற்கக்கூடிய ஆழம் அங்கே இல்லை.

யாழ்ப்பாணத்தின் துறைமுகம் ஒரே இடத்தில் இருந்ததில்லை. பெரிய கப்பல் ஊர்காவற்றுறையில் நின்றது. வடகரையின் பருத்தித்துறையும் வல்வெட்டித்துறையும் காற்றுக்கேற்பத் திறந்து மூடின. கொழும்புத்துறை, கச்சாய், கிளாலி ஆகிய ஏரிக்கரைத் துறைகள் குடாநாட்டை வன்னியோடு சேர்த்தன. குடாநாட்டின் கரை முழுவதையும் ஒரே துறைமுகமாக எண்ணிக்கொண்டு பார்த்தால்தான் இந்த ஊரின் வரலாறு பிடிபடும். அதற்கு மூன்று நாள் வேண்டும். தங்குவதற்கு நடுவாக ஓர் இடமும் வேண்டும். அந்த இடமாக நான் சொல்வது சாவகச்சேரி.

ஏன் சாவகச்சேரி?

தென்மராட்சியின் தலைமைப் பட்டினம் சாவகச்சேரி. யாழ்ப்பாண நகரிலிருந்து கிழக்கே சுமார் 16 கிலோமீற்றரில், கண்டி வீதியின் மேலேயே இருக்கிறது. மேற்கே போனால் யாழ்ப்பாணமும் தீவுகளும். கிழக்கே கொடிகாமம் போய் வடக்கே திரும்பினால் வரணி வழியாக வடமராட்சிக் கரை. தெற்கே இறங்கினால் கச்சாய்க் கடல். தென்மேற்கே தனங்கிளப்பு வழியாகச் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்தால் பூநகரி. எந்தக் கரைக்கும் காலையில் போய்ப் பொழுதுபடத் திரும்பலாம்.

துறைமுகத்தோடு இந்த ஊருக்குப் பழைய உறவும் உண்டு. குடாநாட்டின் முதல் ரயில் பாதை 1902 மார்ச் 11ஆம் திகதி திறக்கப்பட்டது. அது ஓடியது காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில். கொழும்போடு தொடுக்கும் பாதை முழுமையடைந்தது 1905இல். இடைப்பட்ட காலத்தில் இந்த ரயில், கடற்கரையையும் தென்மராட்சியையும் மட்டும் இணைத்து, தனித்த ஒரு பாதையாக ஓடிக்கொண்டிருந்தது.

ஊருக்குள் வந்ததும் பழைய கட்டடங்களைத் தேடாதீர்கள். உள்நாட்டுப் போரின்போது, 2000ஆம் ஆண்டுச் சண்டையில், சாவகச்சேரி மே மாதத்தில் ஒரு தரப்பிடமும் செப்ரெம்பரில் மறுதரப்பிடமும் கைமாறியது. பட்டினம் தரைமட்டமானது. இன்று நீங்கள் பார்க்கும் கடைத்தெருவும் சந்தையும் பெரும்பாலும் அதன் பின் எழுந்தவை. அந்தச் சந்தைக்கு ஒரு நாளாவது விடியக் காலையில் போங்கள். தென்மராட்சி பலாவுக்கும் மாவுக்கும் பேர்போன மண். மாம்பழக் காலத்தில் கறுத்தக்கொழும்பான் குவிந்திருக்கும். பலாப்பழம் முழுதாகவும் பிளந்தும் கிடைக்கும். பனங்கட்டியும் புழுக்கொடியலும் பயணத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வெயிலுக்குப் பழுதாகா. படகில் பசித்தால் கைகொடுக்கும்.

எந்த மாதம் வருவது

இந்தப் பயணத்தில் நாட்காட்டியைவிடக் காற்றை நம்புவது நல்லது. குடாநாட்டுக்கு மழை பெரும்பாலும் ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை, வாடைக்காற்றோடு வரும். அந்த மாதங்களில் வடகரையில் அலை உயர்ந்திருக்கும். தீவுப் படகுகள் நின்றுபோகும் நாட்களும் உண்டு. மே முதல் செப்ரெம்பர் வரை சோளகம் வீசும். அப்போது மழை குறைவு. ஆனால் தீவுகளுக்கு இடையிலான கடல் கொந்தளிக்கும், படகு ஆடும், உடை நனையும்.

பாய்க்கப்பல் காலத்திலும் இதே காற்றுத்தான் துறைகளை ஆண்டது. சோளகத்தில் வடகரை காற்றுக்கு மறைவாகி அமைதியடையும். வாடை தொடங்கினால் பருத்தித்துறையின் திறந்த கடலில் கப்பல் நிற்பது ஆபத்து. தீவுகள் சூழ்ந்த ஊர்காவற்றுறைக்கு அந்தப் பயம் குறைவு.

முதல்முறை வருகிறவர்களுக்கு ஜனவரிக் கடைசி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல காலம். கடல் தணிந்திருக்கும், நிலம் பசுமை மாறாமல் இருக்கும், ஏரிக்கரையில் வெளிநாட்டுப் பறவைகள் இன்னும் நிற்கும். பங்குனித் திங்களில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலில் பொங்கல் பார்க்கலாம். நல்லூர்த் திருவிழா 25 நாட்கள், பெரும்பாலும் ஓகஸ்ட்டை ஒட்டி வரும். அந்த நாட்களில் யாழ்ப்பாண நகரில் தங்குமிடம் கிடைப்பது கடினம். சாவகச்சேரியில் தங்குவதன் பயன் அப்போது நன்றாகத் தெரியும்.

வந்து சேர்வதும் திரிவதும்

கொழும்பிலிருந்து வடக்கு ரயிலில் ஏறினால் சாவகச்சேரி நிலையத்திலேயே இறங்கலாம். எல்லா ரயிலும் இங்கே நிற்பதில்லை. சீட்டு எடுக்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். போரில் அழிந்த பாதை, யாழ்ப்பாணம் வரை 2014 ஒக்ரோபரிலும் காங்கேசன்துறை வரை 2015 ஜனவரியிலும் மீண்டும் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணம் போகும் கொழும்பு பஸ்கள் பெரும்பாலும் கண்டி வீதியால் சாவகச்சேரியைத் தாண்டித்தான் போகும். நடத்துநரிடம் முன்கூட்டிச் சொல்லிவையுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கடல் வழியும் உண்டு. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023 ஒக்ரோபரில் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. சிறிது காலம் நின்று, 2024 ஓகஸ்ட்டில் மீண்டும் ஓடியது. பருவத்துக்கேற்ப நிறுத்தி நடத்தும் சேவை என்பதால் புறப்படுமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள். காங்கேசன்துறையில் இறங்கி ரயிலில் சாவகச்சேரிக்கு வந்தால், 1902இல் திறந்த அதே வழியில் பயணம் செய்கிறீர்கள்.

உள்ளூரில் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் யாழ்ப்பாணத்துக்கு அடிக்கடி ஓடும். தீவுகளுக்கும் வடமராட்சிக்கும் போகும் நாட்களில் ஓட்டோ அல்லது வான் பேசிக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். நாள் வாடகையை முதலிலேயே பேசிவிடுங்கள். காத்திருக்கும் நேரமும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். பஸ்ஸை நம்பிப் போனால், இறங்கியதும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: “அண்ணை, திரும்பிப் போறதுக்குக் கடைசி பஸ் எத்தினை மணிக்கு?” தீவுப் பக்கத்தில் பஸ் வேளையோடு நின்றுவிடும்.

முதல் நாள்: கோட்டையும் பட்டினமும்

காலை ஏழு மணிக்குள் புறப்படுங்கள். கண்டி வீதியில் மேற்கே போகும்போது கைதடி தாண்டி நாவற்குழிப் பாலம் வரும். தென்மராட்சியையும் வலிகாமத்தையும் இணைக்கும் ஒடுங்கிய வழி இது. போர் நெருங்கிய 1995 ஒக்ரோபர் கடைசியில், ஒரே இரவில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இந்தப் பாலத்தைக் கடந்து சாவகச்சேரிப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். மழையில், சைக்கிளிலும் கால்நடையாகவும், முதியவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தென்மராட்சி வீடுகள் அவர்களுக்குக் கதவு திறந்தன. நடுத்தர வயதைத் தாண்டிய யாரிடம் கேட்டாலும் அந்த இரவைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் ஏதோ இருக்கும். அவர்களாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள்.

நாவற்குழியில் சிவபூமி அரும்பொருட் காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். கடலோடிய, உழுத, சமைத்த யாழ்ப்பாணத்தின் பழைய பொருட்களை அங்கே ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். அவற்றைக் கண்டபின் வெளியில் காணும் பல விடயங்கள் விளங்கும்.

அடுத்தது கோட்டை. வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும். உள்ளே நிழல் குறைவு. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், பிலிப் டி ஒலிவேரா தலைமையில் இங்கே சதுரமான கோட்டை ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். ஒல்லாந்தர் மூன்று மாத அளவில் முற்றுகையிட்டு, 1658 ஜூனில் அதைப் பிடித்தார்கள். பிடித்தபின் இடித்து, ஐந்து முனை கொண்டதாகப் புதிதாய்க் கட்டினார்கள். வாயிலின் மேல் 1680 என்று பொறித்திருப்பதைக் கவனியுங்கள். வெளியரண் வேலைகள் 1792 வரை இழுபட்டன. மூன்றே ஆண்டில், 1795இல், கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது.

உள்ளே மூன்று இடங்களைத் தவறவிடாதீர்கள். முதலாவது, மதிலின் கல். கிட்டப் போய்ப் பார்த்தால் கடலில் விளைந்த முருகைக்கல்லின் துளைகள் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, 1706இல் ஒல்லாந்தர் சிலுவை வடிவில் கட்டிய தேவாலயத்தின் இடிபாடு. 1990 முற்றுகைக் காலத்தில் அது நொறுங்கியது. மூன்றாவது, அகழ்வாய்வு நடந்த நிலம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளரும் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளரும் இங்கே தோண்டியபோது, தென்னிந்திய ரௌலட்டட் மட்பாண்டத் துண்டுகளும் சீன, இஸ்லாமிய மட்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தக் கரையில் வணிகம் நடந்ததற்கு அவை சான்று. அயலார் இந்த இடத்தைத் துறையாக்கவில்லை. இருந்த துறையின் மேல் கோட்டை கட்டினார்கள்.

கோட்டையிலிருந்து நடந்தே நூலகத்துக்குப் போகலாம். 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட நூலகம் இது. மீளக் கட்டி 2003இல் திறந்தார்கள். இன்றும் மாணவர் வந்து படிக்கும் இடம். பார்வையாளருக்கு எந்த நேரம் அனுமதி என்று காவலாளியிடம் கேளுங்கள். உள்ளே பேச்சைக் குறையுங்கள். அருகில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம், வேல்ஸ் இளவரசர் 1875இல் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பியது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் நல்லூர். யாழ்ப்பாண அரசர்களின் தலைநகர் கரையிலிருந்து உள்வாங்கி இங்கே இருந்தது. பழைய கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கேயர் 1621இல் இடித்தார்கள். இன்றைய கோயில் 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. ஆண்கள் மேற்சட்டை கழற்றி உள்ளே போக வேண்டும். வெளியே வந்து யமுனா ஏரி, சங்கிலியன் தோப்பு வாயில், மந்திரிமனை மூன்றையும் ஓட்டோவில் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

பின்னேரம் குருநகரிலிருந்து பாசையூர் வழியாகக் கொழும்புத்துறை வரை கரையோடு போங்கள். வள்ளங்கள், காயும் வலைகள், ஓலைக் கொட்டில்கள், அந்தோனியார் கோயில் என்று வழிநெடுகக் கடற்றொழிலாளர் வாழ்க்கை. கொழும்புத்துறையிலிருந்து எதிரே தென்படும் கரை பூநகரி. வீதியும் பாலமும் இல்லாத காலத்தில் தலைநகரையும் பெருநிலப்பரப்பையும் இணைத்த படகு வழி இதுவே. முதல் நாளை இங்கே முடியுங்கள்.

இரண்டாம் நாள்: கப்பல் நின்ற இடம்

மூன்று நாளில் முக்கியமானது இது. காலை ஆறு மணிக்கே கிளம்புங்கள். யாழ்ப்பாணம் தாண்டிப் பண்ணைத் தாம்போதியில் ஏறினால் இருபுறமும் கடல். களங்கண்டி வலை கட்டிய தடிகள் வரிசையாக நிற்கும். வேலணை தாண்டி, இன்னொரு தாம்போதியால் புங்குடுதீவுக்குள் புகுந்து, அந்தத்தில் குறிகட்டுவான் இறங்குதுறை. யாழ்ப்பாணத்திலிருந்து சுமார் 30 கிலோமீற்றர்.

இங்கிருந்து நயினாதீவுக்குப் படகு. கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். உயிர்காப்பு அங்கி தந்தால் அணியுங்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். படகு நிரம்பிவிட்டதாகத் தோன்றினால் அடுத்ததற்கு நில்லுங்கள். நாகபூசணி அம்மன் கோயில் இறங்குதுறைக்கு நேரே நிற்கும். நாகதீப விகாரை சற்றுத் தள்ளி. இரண்டுக்கும் அடக்கமான உடை வேண்டும். விகாரையில் தொப்பியும் செருப்பும் கழற்றி, தோளை மூடிக்கொள்ள வேண்டும்.

அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. கடல் கொண்டது போக மிஞ்சியதை யார் எடுப்பது என்று எழுதிவைத்த சட்டம் இது. யானையும் குதிரையும் அரசுக்கு வேண்டிய படைப்பொருள் என்பதால், அவற்றைக் கொண்டுவருகிறவனுக்குச் சலுகை கூட. ஊர்காவற்றுறை எவ்வளவு பெரிய துறையாக இருந்தது என்பதை எந்தக் கோட்டையையும்விட இந்தச் சில வரிகள் தெளிவாகச் சொல்கின்றன. எழுத்து தேய்ந்திருக்கிறது; கல்லைத் தொடாமல் பாருங்கள்.

மத்தியானத்துக்கு முன் குறிகட்டுவானுக்குத் திரும்பி, வேலணை வழியாக ஊர்காவற்றுறைக்குப் போங்கள். இறங்குதுறையில் நின்றால் கடல் நடுவே, சுற்றிலும் தண்ணீரில் கால் வைத்தபடி, கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் 1658இல் பிடித்து, ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டது. உள்ளே இருந்த போர்த்துக்கேயர் குடிதண்ணீர் இல்லாமல் பணிந்தார்கள். தண்ணீர் நடுவில் கட்டிய கோட்டை தண்ணீரின்றி விழுந்தது என்ற செய்தி, இந்தத் தீவுகளில் இன்றும் கிணற்றுநீர் எவ்வளவு அருமையானது என்பதை நினைக்க வைக்கும். இப்போது அங்கே கடற்படை விடுதி நடத்துகிறது. போக விரும்பினால் காரைநகர்ப் பக்கத்திலிருந்து, முன்கூட்டிக் கேட்டு, அவர்கள் படகில் போக வேண்டும்.

ஊர்காவற்றுறையில் அவசரப்படாமல் நில்லுங்கள். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆனையிறவின் ஆழமில்லாத நீர்வழியால் நடத்திக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்து, இங்கே கப்பலில் ஏற்றினார்கள். ஒல்லாந்தர் காலத்தில் கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர் யாழ்ப்பாணத்து யானைச் சந்தைக்கு வந்தார்கள். பனை மரமும் சங்கும் இந்தக் கடல்வழியே சோழமண்டலக் கரைக்கும் வடக்கேயும் போயின. யாழ்ப்பாணப் புகையிலை மலையாளக் கரையில் விலைபோனது. இன்று கரையில் நிற்பவை மீன்பிடி வள்ளங்கள். ஆழமும் மறைவும் அப்படியே இருக்கின்றன.

திரும்பும்போது வந்த வழியே போகாதீர்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ‘பாதை’ ஓடும். வாகனத்தையும் ஆளையும் ஏற்றிச் செல்லும் மிதவை அது. “ஐயா, இண்டைக்குப் பாதை ஓடுதோ?” என்று முதலில் கேளுங்கள். பழுது பார்க்கும் நாட்களும் கடும் காற்று நாட்களும் உண்டு. ஓடினால் சில நிமிடத்தில் அக்கரை. நேரமிருந்தால் காரைநகர் கசூரினாக் கடற்கரையில் கால் நனைத்து, பொன்னாலைப் பாலம், வட்டுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணம் வந்து, இரவுச் சாப்பாட்டுக்குச் சாவகச்சேரிக்கு வந்துவிடலாம்.

நெடுந்தீவுக்குப் போக ஆசை உள்ளவர்கள் அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரக் கடல். காலைப் படகில் போய்ப் பின்னேரப் படகில் திரும்ப வேண்டும். தவறினால் அன்றிரவு தீவில்தான். முருகைக்கல் அடுக்கிய வேலிகள், ஒல்லாந்தர் கோட்டை இடிபாடு, கட்டாக்காலிக் குதிரைகள், பெருக்கமரம் எல்லாம் அங்கே உண்டு. பெருக்கமரம் ஆபிரிக்காவுக்குரியது, கடலோடிகள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். குடிதண்ணீரும் தலைக்கு மறைப்பும் கட்டாயம்.

மூன்றாம் நாள்: திறந்த கடல்

கொடிகாமத்தில் வடக்கே திரும்பி, வரணி வழியாக வடமராட்சிக்குப் போங்கள். முதலில் வல்லிபுரம். வல்லிபுர ஆழ்வார் கோயில் மணல் நடுவே நிற்கிறது. புரட்டாதித் திருவிழாவில் தீர்த்தமாடச் சுவாமி கடலுக்குப் போவார். அன்று வடமராட்சி முழுவதும் அந்த மணலில் திரண்டிருக்கும். இங்கே 1936இல் கிடைத்த பொன்னேடு, வசப மன்னன் காலத்தில் நாகதீவை ஆண்ட அமைச்சரைக் குறிப்பிடுகிறது. குடாநாட்டின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் அது ஒன்று.

கிழக்கே மணற்காடு. காற்று குவித்த மணல் மேடுகளுக்கு நடுவில் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் மணலில் புதைந்து நிற்கின்றன. மேட்டில் ஏறினால் கடல் விரியும். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை அடித்த கரை இது; இறந்தவர்களைப் புதைத்த நினைவிடம் ஊரிலேயே இருக்கிறது. அங்கே உரத்த பேச்சும் தன்படமும் வேண்டாம். இந்தக் கரையில் குளிக்கவும் வேண்டாம்; நீரோட்டம் ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

அடுத்து பருத்தித்துறை. கரைக்குக் கிட்டவே கற்பார் ஓடுகிறது; அலை அதன் மேல் உடைந்து வெளுப்பதைப் பார்க்கலாம். பார் நடுவே படகு நுழையும் இடைவெளியை ‘வான்’ என்பார்கள். வானைத் தப்பவிட்டால் படகு கல்லில் அடிபடும். 1916இல் கட்டிய வெளிச்சவீடு பாதுகாப்பு வளாகத்துக்குள் இருக்கிறது. வெளியே நின்று பாருங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். அருகிலுள்ள தெருமூடி மடத்தைக் கட்டாயம் பாருங்கள். வீதியின் மேலேயே கூரை போட்டு, இருபுறமும் கல்திண்ணை வைத்துக் கட்டிய மடம். துறைக்கு நடந்து வந்தவர்களும் பாரம் சுமந்தவர்களும் வெயிலுக்கு ஒதுங்கிய இடம். வீதி இன்றும் அதனூடாகவே போகிறது. சில நிமிடம் திண்ணையில் இருந்து எழும்புங்கள்.

மத்தியானம் இங்கேயே சாப்பிடுங்கள். தட்டையாகவும் முறுகலாகவும் சுடும் பருத்தித்துறை வடையை வாங்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. பல நாள் கெடாது. வீட்டுக்கும் எடுத்துச் செல்லலாம்.

பின்னேரம் மேற்கே வல்வெட்டித்துறை. கப்பல் கட்டிய, கப்பலோட்டிய ஊர். இங்கே 1930இல் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிச் சென்று, 1938 ஓகஸ்ட்டில் மாசசூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். பனைக்கும் பாருக்கும் நடுவில் இருந்த ஒரு சிற்றூர், தன் தச்சரின் கைவேலையை அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தியது. தைப்பொங்கலன்று வந்தால் கடற்கரையில் பட்டப் போட்டி நடக்கும். கப்பல், விமானம், மிருகம் என்று பல வடிவப் பட்டங்களை ஏற்றுவார்கள்.

திரும்பும்போது வல்லை வெளியால் புத்தூர் வந்து, மீசாலை வீதியைப் பிடித்தால் மட்டுவில் வழியாகச் சாவகச்சேரி. பன்றித்தலைச்சி அம்மன் கோயில் இந்தப் பக்கம்தான்.

மிஞ்சும் அரைநாள்: ஏரிக்கரை

ஊருக்குப் போகுமுன் ஒரு காலை மிஞ்சினால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

ஒன்று, தனங்கிளப்பு, சங்குப்பிட்டி, பூநகரி. வாடை மாதங்களிலும் அதை அடுத்தும் தனங்கிளப்பு வெளியில் பூநாரைகளும் வேறு பறவைகளும் கூட்டமாக மேயும். தொலைநோக்கி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டப் போய்க் கலைக்காதீர்கள். சங்குப்பிட்டிப் பாலம் 288 மீற்றர்; 2011 ஜனவரியில் திறந்தார்கள். அதற்கு முன் கேரதீவில் நின்று பாதைக்குக் காத்திருக்க வேண்டும். பூநகரிக் கோட்டை சிறியது. எதிரெதிர் மூலையில் இரண்டு கொத்தளம் மட்டும். கொழும்புத்துறையில் நின்று பார்த்த அக்கரைக்கு இப்போது வந்திருக்கிறீர்கள்.

மற்றது, கச்சாயும் கிளாலியும். கச்சாய்த்துறையில் காலையில் இறாலும் நண்டும் மீனும் வாங்கலாம். கிளாலி, 1990களின் முற்பகுதியில் தரைவழி பூட்டியிருந்தபோது, குடாநாட்டு மக்கள் உயிரைக் கையில் பிடித்து இரவில் ஏரியைக் கடந்த துறை. நோயாளிகள், பல்கலைக்கழக மாணவர், கலியாணத்துக்குப் போனவர்கள் எல்லாரும் அந்தச் சிறு படகுகளில்தான் போனார்கள். பலர் கரை சேரவில்லை. எந்தப் பயணக் கையேடும் குறிக்காத துறை இது. ஊர்காவற்றுறையின் யானைக் கப்பலுக்குச் சற்றும் குறையாத வரலாறு இதற்கு உண்டு.

கவனிக்க வேண்டியவை

- காலையில் ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் இடிபாடுகளை முடியுங்கள். மத்தியான வெயிலில் கோயில் மண்டபங்களுக்கு ஒதுங்குங்கள்.
- தீவுகளிலும் கரையோரத்திலும் கிணற்றுநீர் பெரும்பாலும் உவர். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள். வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.
- படகுக்கும் நுழைவுச்சீட்டுக்கும் ஓட்டோவுக்கும் சில்லறைக் காசு வேண்டும். தீவுக்குப் போகுமுன் நகரத்திலேயே காசு எடுத்துக்கொள்ளுங்கள்.
- மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும் ஆள் நடமாட்டமற்ற பற்றையிலும் கால் வைக்காதீர்கள். ஏதாவது உலோகப் பொருள் கிடந்தால் தொடாமல் ஊராரிடம் சொல்லுங்கள்.
- படைமுகாம், சோதனைச் சாவடி, கடற்படைக் கலங்களைப் படம் எடுக்காதீர்கள்.
- முருகைக்கல், சங்கு, மட்பாண்ட ஓடு எதையும் நினைவுக்கென்று எடுத்துவராதீர்கள். கோட்டையில் கிடைத்த சிறு ஓட்டுத் துண்டுகள்தான் இந்தத் துறையின் வயதை மாற்றி எழுதின.
- ஒடியற்கூழ் கிடைத்தால் விடாதீர்கள். சில கடைகளிலும் விடுதிகளிலும் முதல்நாளே சொன்னால் காய்ச்சித் தருவார்கள்.

நேரம் குறைந்தவர்களுக்கு

இரண்டு நாள் மட்டும் உள்ளவர்கள் முதல் நாளையும் இரண்டாம் நாளையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாள் என்றால், என் யோசனை பலருக்கு வியப்பாக இருக்கும்: கோட்டையில் ஒரு மணி நேரம் போதும், மிச்சப் பொழுதை நயினாதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் கொடுங்கள். கோட்டை, இந்தக் கடலை ஆண்டவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளக் கட்டியது. அவர்கள் எதற்காக இங்கே வந்தார்கள் என்பதற்கு விடை தீவுகளுக்கு நடுவே கிடக்கும் அந்த ஆழமான தண்ணீரில் இருக்கிறது.

பார்த்து முடித்தபின் ஒரு கடமையும் உண்டு. இந்தத் துறைகளில் எதுவும் இன்னும் வெறும் காட்சிப் பொருளாகவில்லை. குருநகரிலும் கச்சாயிலும் பருத்தித்துறையிலும் நாளைக் காலையும் வலை ஏறும், வள்ளம் இறங்கும். மீனை அந்தக் கரையிலேயே வாங்குங்கள், ஊர்ப் படகில் ஏறுங்கள், ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிடுங்கள், சாவகச்சேரிச் சந்தையில் பழம் வாங்குங்கள். நீங்கள் செலவழிக்கும் காசு, துறையைத் துறையாகவே வைத்திருக்கிறவர்கள் கைக்குப் போய்ச் சேரட்டும்.